கொண்டுவந்த பூவும் கொண்டுபோன பூவும்

கோயிலுக்குப் போகும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பது கமக்காரக் குடும்பங்களின் பழக்கம். முதலில் வெட்டிய வாழைக்குலை, புது நெல்லில் ஒரு பெட்டி, பிள்ளைபோல் வளர்த்த தென்னையின் முதற்காய். ஒன்றுமில்லாவிட்டால் வளவுக்குள் பூத்த செவ்வரத்தம்பூ. காணியும் கிணறும் நம்முடையனவாக இருந்தவரை இது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. இடம்பெயர்ந்த பின்னர்தான், வெறுங்கையோடு கோயில் வாசலில் நிற்பது எவ்வளவு பாரமானது என்பதைப் பலர் உணர்ந்தார்கள்.

கையில் ஒன்றும் இல்லாதவனுக்கு வழிபாட்டில் இடம் உண்டா? பல ஊர்களிலிருந்து வந்து ஒரே இடத்தில் சேர்ந்தவர்கள் எப்படி ஒரு சமூகமாவது? இக்கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு தொலைவிலுள்ள ஒரு சபையின் பருவகால வழிபாடுகளைச் சற்றுப் பார்ப்போம்.

அது நமது திருச்சபை அன்று. யுனிற்றேரியன் என அழைக்கப்படும் தாராளப் போக்குடைய சபை. மூவொரு கடவுள் என்ற நமது விசுவாசத்தை அவர்கள் ஏற்பதில்லை. எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டிய விசுவாச அறிக்கை என ஒன்றும் அவர்களிடம் இல்லை. கிறிஸ்தவராய் வளர்ந்தவர், யூதராய் வளர்ந்தவர், கடவுளைப் பற்றி ஐயமுடையவர் அனைவரும் அங்கே ஒரே கூரையின் கீழ் அமர்கின்றனர். இந்த வேறுபாடு சிறியதன்று. அதை மறைக்கவும் நாம் விரும்பவில்லை. ஆயினும், பிறரிடத்தில் காணப்படும் உண்மையானதையும் தூய்மையானதையும் தள்ளிவிடாதிருக்க 1965ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்தது. அந்த மனதோடு பார்ப்போம்.

பிராக் நகரில் ஒரு பூ

நோர்பேட் சாப்பெக் என்பவர் 1870இல் இன்றைய செக் நாட்டில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் பப்ரிஸ்ற் சபையில் சேர்ந்து போதகரானார். 1914இல் அமெரிக்காவுக்குச் சென்றார். அங்கே யுனிற்றேரியன் சபையில் இணைந்து, 1921இல் மனைவி மாயாவுடன் பிராக் நகருக்குத் திரும்பினார். அவர் அங்கே தொடங்கிய சபை விரைவாக வளர்ந்தது.

வந்தவர்களில் பலர் நமது திருச்சபையை விட்டு வெளியேறியவர்கள். பழைய சடங்குகளை நினைவூட்டும் எதையும் அவர்கள் விரும்பவில்லை. ஆகவே வழிபாடு பெரும்பாலும் பிரசங்கமாகவே இருந்தது. ஆனால் பிரசங்கம் மட்டும் மக்களை ஒன்றுசேர்க்காது என்பதைச் சாப்பெக் கண்டார். அப்பமும் இரசமும் வைத்தால் பழைய பிரிவினைகள் தலைதூக்கும். எல்லாருக்கும் பொதுவானது எது? அவர் பூவைத் தெரிந்துகொண்டார்.

1923ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அந்த வழிபாடு முதன்முதலாக நடந்தது. ஒவ்வொருவரும் ஒரு பூ கொண்டுவர வேண்டும். தோட்டத்தில் கொய்ததாயினும் சரி, தெருவோரத்தில் பறித்ததாயினும் சரி. வாசலில் அதைப் பொதுச் சாடியில் வைத்துவிட வேண்டும். வழிபாட்டின் முடிவில் ஒவ்வொருவரும் தாம் கொண்டுவராத வேறொரு பூவை எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். எடுத்த பூ யாருடையது என்று கேட்பதில்லை. பணக்காரன் கொண்டுவந்ததா, ஏழை கொண்டுவந்ததா, எந்த இனத்தவன் கொண்டுவந்தது என்று பாராமல் ஏற்றுக்கொள்வதே அதன் பொருள். கொடுக்கப் பழகுவது எளிது. யாரிடமிருந்து என்று கேளாமல் பெற்றுக்கொள்ளப் பழகுவது கடினம். இந்த வழிபாடு இரண்டையும் பழக்கியது.

இது விலை கொடுக்காத பாடமன்று. நாசிகள் செக் நாட்டைப் பிடித்த பின், 1941 மார்ச்சில் சாப்பெக்கும் அவருடைய மகளும் இரகசியப் பொலிசாரால் கைது செய்யப்பட்டனர். வெளிநாட்டு வானொலியைக் கேட்டமையும் குற்றமாகச் சாட்டப்பட்டது. டாக்கவ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்ட அவர் 1942 ஒக்ரோபரில் நச்சுவாயுவால் கொல்லப்பட்டார். நிவாரண நிதி திரட்டுவதற்காக அமெரிக்கா சென்றிருந்த மாயா போரினால் நாடு திரும்ப முடியாதவரானார். அவர் 1940இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் கேம்பிறிட்ஜ் நகரில் அந்தப் பூ வழிபாட்டை நடத்திக் காட்டினார். ஊரை இழந்த ஒரு பெண் தன் ஊரிலிருந்து கொண்டுசெல்ல முடிந்தது அதுதான். இன்று பல நாடுகளில் அச்சபையார் மே அல்லது யூன் மாதத்தில் அதைக் கொண்டாடுகின்றனர்.

அவர்களது வழிபாட்டின் தொடக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தீபம் ஏற்றுவது வழக்கம். அந்தக் கிண்ணத்தின் கதையும் அகதிகளோடு சேர்ந்ததே. 1941இல் லிஸ்பன் நகரில் அச்சபையின் சேவைக்குழு, நாசிகளிடமிருந்து தப்பியோடியவர்களுக்கு உதவி செய்தது. ஆபத்தான அந்தப் பணியில் கடிதங்களிலும் பத்திரங்களிலும் நம்பிக்கைக்குரிய ஓர் அடையாளம் தேவைப்பட்டது. தாமும் தப்பியோடி வந்திருந்த ஹான்ஸ் டொய்ச் என்ற ஓவியர் அதை வரைந்து கொடுத்தார்.

பல கிணறுகளின் நீர்

1980 நவம்பரில் அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்தில் அச்சபையின் பெண்கள் ஒன்றுகூடினர். தம் வாழ்வைத் தொடும் வழிபாடு ஒன்று தேவையென எண்ணினர். கரோலின் மக்டேட், லூசில் லோங்வியூ என்ற இருவர் அதை உருவாக்கினர். பெண்கள் தத்தம் இடங்களிலிருந்து கொண்டுவந்த நீரை ஒரே பாத்திரத்தில் ஊற்றினார்கள். நீர் சுமப்பவர்களும் நீருக்கு அலைபவர்களும் பெண்களே என்பதை அறிந்த நமக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. சொந்தக் கிணற்றடிக்கு ஒரு நாள் போய்வர வாய்ப்புக் கிடைத்தபோது ஒரு போத்தல் நீர் நிரப்பிக்கொண்டு வந்தவர்கள் நம்மிடையேயும் உண்டு.

அங்கே கோடைகாலத்தில் பல சபைகளின் வேலைகள் குறையும். செப்ரெம்பரில் எல்லாரும் திரும்பக் கூடும்போது இந்த நீர் வழிபாடு நடக்கும். நவம்பர் அறுவடை நன்றிநாளையொட்டிச் சில சபைகளில் பலவகை அப்பங்களைக் கொண்டுவந்து பகிர்வார்கள். நத்தார் இரவில் மெழுகுதிரி ஒளி; கோடை தொடங்கும்போது பூ. இவ்வாறு அவர்களது ஆண்டு சுழல்கிறது. ஞாயிறு தோறும் பலவிடங்களில், இன்பமோ துன்பமோ உள்ளவர் எழுந்து ஒரு திரி ஏற்றித் தம் செய்தியைச் சபைக்குச் சொல்வார்கள்.

ஆனால் நீர் வழிபாட்டில் ஒரு குறை புகுந்தது. சபையார் ஒவ்வொருவராக வந்து, தாம் விடுமுறைக்குப் போன கடல், மலை, வெளிநாடு என்று பெயர் சொல்லி நீர் ஊற்றத் தொடங்கினர். பயணம் போகப் பணமில்லாதவர் வாய் மூடி இருந்தனர். ஒன்றிப்புக்கென வந்த சடங்கு வசதியைக் காட்டும் மேடையாயிற்று. இதை வெளியார் சொல்லவில்லை; அச்சபையாரே கண்டு பேசினர். வீட்டுக் குழாய் நீரே போதும் என்று பல சபைகள் இப்போது சொல்கின்றன. ஒன்றும் கொண்டுவராதவருக்கென வாசலில் நீரும் பூவும் வைத்திருக்கும் சபைகளும் உண்டு.

நாங்கள் செய்த தவறு

இதை அறிந்தபோது எங்கள் தவறு நினைவுக்கு வந்தது. மீளக் குடியமர்ந்தோரும், காணிக்குத் திரும்ப முடியாமல் உறவினர் வளவுகளில் இருந்தோரும் கலந்து வாழ்ந்த ஒரு பங்கில் நாங்கள் பணிபுரிந்தோம். பெரும்போக அறுவடை முடிந்ததும் நன்றித் திருப்பலி வைத்தோம். அன்பியம் அன்பியமாகக் காணிக்கைப் பவனி வந்தது. யார் எத்தனை மூடை நெல் தந்தார் என்று ஒலிபெருக்கியில் வாசித்தோம். வயலுள்ளவர் மகிழ்ந்தனர்.

அடுத்த ஆண்டு பின்வரிசைகள் வெறுமையாக இருந்தன. பக்தி குறைந்துவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். வீடு சந்திக்கச் சென்றபோது ஒரு தாய் சொன்னார்: "பக்தி குறையேல்லை, சுவாமி. கொண்டுவர ஒண்டுமில்லை. பேர் வாசிக்கேக்க பிள்ளையள் என்ரை முகத்தைப் பாக்குதுகள்."

அதன்பின் வாசலில் ஒரு பெரிய கடகம் வைத்தோம். ஒவ்வொருவரும் ஒரு பிடி அரிசி போட வேண்டும். பெயர் இல்லை, அளவு இல்லை. பக்கத்தில் ஒரு சாக்கில் அரிசி இருக்கும். கொண்டுவராதவர் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துப் போடலாம். எல்லாம் கலந்த அரிசியில் கோயில் வளவில் புக்கை பொங்கி எல்லாரும் உண்டோம். தம் பெயர் வாசிக்கப்படவில்லை என்று சிலர் முகம் சுளித்ததும் உண்மை. அந்த ஆண்டு நெல் குறைந்தது, ஆட்கள் கூடினார்கள்.

முதற்கனியின் மன்றாட்டு

இது புதிய ஞானம் அன்று. இணைச்சட்டம் 26ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். முதற்கனிக் கூடையோடு வரும் கமக்காரன் தன் விளைச்சலின் அளவைச் சொல்வதில்லை. தன் மூதாதை நாடோடியாய் அலைந்தவன், அந்நிய நாட்டில் ஒடுக்கப்பட்டவன் என்ற கதையையே முதலில் சொல்கிறான். காணியில் பங்கில்லாத லேவியனும், ஊரில் தங்கியுள்ள அந்நியனும் அவனோடு சேர்ந்து மகிழ வேண்டும் என்பதும் அங்கே கட்டளை. இடம்பெயர்ந்தவனின் கதைதான் முதற்கனியின் மன்றாட்டு. அப்படியானால் நம்மில் எவரும் வெறுங்கையோடு கோயிலுக்கு வருவதில்லை.

கடகத்தில் போட்ட ஒரு பிடி அரிசி, இழந்த காணியைத் திருப்பித் தராது. உறுதியையும் உரிமையையும் உரிய இடங்களில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அதைக் கேட்பதற்கு நாம் ஒருவரையொருவர் அறிந்த சமூகமாக இருக்க வேண்டும். பின்வரிசையில் நிற்பவர் வீட்டோடு இருந்துவிட்டால், கேட்கும் குரலும் குறைந்துவிடும்.

அன்பியங்களில் கலந்துரையாட:

1. நமது கோயில் திருவிழாவிலும் அறுவடை நன்றியிலும் வெறுங்கையோடு வருபவருக்கு என்ன இடம் உண்டு?

2. வேறு ஊரிலிருந்து வந்து நம்மிடையே குடியிருக்கும் குடும்பங்கள் எத்தனை? அவர்களது ஊர்க் கதையை நாம் எப்போதாவது கேட்டோமா?

3. அடுத்த அறுவடைக்குள் நாம் மாற்றக்கூடிய ஒரு வழக்கம் எது?