இயந்திரத்தின் சிரிப்பு யாருக்குப் புரிகிறது?

காயல்பட்டினத்தில் மூத்த சகோதரியை 'லாத்தா' என்போம். எழுபது வயதைக் கடந்த என் லாத்தாவை மூட்டு வலிக்காகப் பெருநகர மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். வரவேற்பறையில் உருண்டு வந்த ரோபோ, தன் முகத்திரையில் வாயை வில்லாக வளைத்து வணக்கம் சொன்னது. கண்களோ அசையாத இரு வட்டங்கள். லாத்தா என் கையைப் பற்றிக்கொண்டு, "ஏன் தம்பி, இது என்னை முறைக்குது?" என்றார். அருகிலிருந்த இளைஞர்கள் அதனுடன் படம் எடுத்துக்கொண்டிருந்தனர்.

இதை முதுமையின் அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. வாய் ஓர் உணர்ச்சியையும் கண் வேறோர் உணர்ச்சியையும் காட்டும் முகங்களைக் கொண்டு மசாகி யூகியும் சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. அதில் ஜப்பானியர் கண்ணுக்கும் அமெரிக்கர் வாய்க்கும் கூடுதல் எடை கொடுத்தனர். குறுஞ்செய்திகளில் இடும் முகக்குறிகளும் அப்படித்தான்: ஜப்பானியக் குறிகளில் கண்கள் மாறும்; மேலைநாட்டுக் குறிகளில் வாய் மாறும்.

ரோபோக்களிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சிந்தியா பிரசீல் உருவாக்கிய 'கிஸ்மெட்' தடித்த சிவப்பு உதடுகளை வளைத்துக் காட்டியது. 2014-இல் ஜப்பானில் அறிமுகமான 'பெப்பர்' ரோபோவுக்கு வாய் அசையாது. கண்ணைச் சுற்றிய விளக்குகள் நிறம் மாறும். இரண்டு இயந்திரங்களை வைத்து இரு நாடுகளின் இயல்பை முடிவுகட்டலாகாது என்பதும் உண்மை. ஜப்பானியர் ரோபோக்களைக் கேள்வியின்றி நேசிப்பவர்கள் என்ற பரவலான எண்ணத்தையே கிறிஸ்டோஃப் பார்ட்னெக் முதலியோரின் ஆய்வுகள் ஆட்டம்காண வைத்தன.

லாத்தா ஏன் கண்ணைப் பார்த்தார்? என் ஊகம் இது: எங்கள் ஊரில் பெண்கள் வெளியே வரும்போது முகத்தை மறைப்பது வழக்கம். எதிரே வருபவர் யார், என்ன மனநிலையில் இருக்கிறார் என்பதைக் கண்ணைக் கொண்டே அறிந்து பழகியவர் அவர். சற்று நேரத்தில் முகக்கவசம் அணிந்த செவிலியர் ஒருவர் வந்து பெயர் கேட்டார். அவருடைய வாய் தெரியவே இல்லை. ஆனாலும் லாத்தா மலர்ந்து சிரித்தார்.

நம் இலக்கணம் இதை நன்கு அறியும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் தோன்றும் காரணங்களையும் நந்நான்காகச் சொல்கிறது. நகை தோன்றும் காரணங்களுள் எள்ளலும் ஒன்று. ஆகவே, சிரிக்கும் வாய் வரவேற்கவும் செய்யும், பரிகசிக்கவும் செய்யும். எது என்பதைப் பிற உறுப்புகளே உணர்த்த வேண்டும்.

குழப்பம் மறுபக்கமும் உண்டு. ரோபோக்களும் கேமரா வழியே நம் முகத்தை வாசிக்கத் தொடங்கியுள்ளன. நாக்கைக் கடித்துக்கொள்வது ஒடிசாவில் நாணத்தின் அடையாளம் என்பதை ஜொனாதன் ஹைட், டாக்கர் கெல்ட்னர் ஆகியோரின் 1999-ஆம் ஆண்டு ஆய்வு பதிவுசெய்தது. அமெரிக்கருக்கு அது எளிதில் விளங்கவில்லை. நம்மிடமோ நாக்கை மெல்லக் கடித்தால் 'தவறிவிட்டேன்' என்று பொருள். மடித்துக் கடித்தால் எதிரில் இருப்பவர் விலகி நிற்பது நல்லது! வேறெங்கோ திரட்டிய முகங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட இயந்திரம் இந்த இரண்டையும் என்னவென்று கொள்ளும்?

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் காரணம் எனக்குப் புரிகிறது. ஒரு முகத்தை வடிவமைக்கும் செலவு பெரிது. அதையே உலகெங்கும் விற்றால் ஒவ்வொன்றின் மீதும் விழும் செலவு சிறிது. 2016-இல் சிட்டி யூனியன் வங்கி சென்னையில் 'லட்சுமி' என்ற ரோபோவை அறிமுகப்படுத்தியபோது அது ஆங்கிலத்தில் பேசியது. மொழியையாவது பின்னர் சேர்த்துவிடலாம். முகபாவத்தையும் மொழிபெயர்க்க வேண்டும் என்று கேட்பார் இல்லை.

வங்கியிலும் மருத்துவமனையிலும் மனிதர் அமர்ந்த இருக்கைகள் குறைந்துவருகின்றன. பொதுப்பணத்தில் இத்தகைய இயந்திரங்களை வாங்குவோர், ஒப்பந்தப்புள்ளியில் மின்கலத்தின் ஆயுளைக் கேட்பதோடு, 'உள்ளூர் முதியோர் இருபது பேரிடம் இந்த முகத்தைக் காட்டிப் பார்த்தீர்களா?' என்ற ஒரு வரியையும் சேர்க்கலாம். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. காயலில் என் தெருவிலேயே இருபது பேரைக் கூட்டித் தர என்னால் முடியும்; முதல் ஆளாக லாத்தா வருவார்.