உருத்துலக்கியின் வலியும் மெலிவும்

நெகற்றிவ்விலிருந்து கடதாசியிற் படம் அச்சிடுவார்க்கு இருட்டறையில் மூன்று தட்டங்கள் வேண்டும். முதலாவதில் உருத்துலக்கி, இரண்டாவதில் அதன் செயலை நிறுத்தும் ஐதான அசற்றிக்கமிலம், மூன்றாவதில் படத்தை நிலைபெறச் செய்யும் ஐப்போ. ஒளிபட்ட கடதாசியில் உரு உண்டெனினும் அது கண்ணுக்குப் புலனாவதில்லை. மங்கிய பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்குவார்போல, மறைந்துள்ள அவ்வுருவைத் துலங்கச் செய்தலின் அத்திரவம் அப்பெயர்க்கு உரியதாயிற்று. அஃது ஆரவாரமின்றி மெலிவது. ஆதலின் அதன் வலியை அறிந்து பேணும் முறையைச் சுருங்கக் கூறுவாம்.

கொடக் நிறுவனத்தாரின் டி-72 என்னும் வாய்பாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் மூலக்கரைசல் 1 இலீற்றரில் மெற்றோல் 3 கிராம், நீரற்ற சோடியஞ் சல்பைற்று 45 கிராம், ஐதரோகுயினோன் 12 கிராம், சோடியங் காபனேற்று 80 கிராம், பொற்றாசியம் புரோமைட்டு 2 கிராம் உள. மெற்றோலும் ஐதரோகுயினோனும் ஒளிபட்ட வெள்ளியுப்பைக் கரிய வெள்ளியாக்கும். காபனேற்று அதற்கு வேண்டிய காரத்தன்மையைத் தரும். சல்பைற்று காற்றின் ஒட்சிசனிலிருந்து காக்கும். புரோமைட்டு ஒளிபடாத இடம் கறுக்காது தடுக்கும். ஒரு பங்கு மூலக்கரைசலுடன் இரு பங்கு நீர் கலந்து, 20 பாகை செல்சியசில் வழங்குவது வழக்கம்.

இத்திரவம் மெலிதற்குக் காரணம் இரண்டு. ஒன்று உழைப்பு: ஒவ்வொரு கடதாசியும் துலக்கும் பொருளைச் செலவிடுவதோடு, புரோமைட்டையும் திரவத்தில் விட்டுச் செல்கின்றது, அது மேலும் மேலும் சேர்ந்து துலக்கத்தைத் தாமதிக்கச் செய்யும். மற்றையது காற்று: அகன்ற தட்டத்திற் கிடக்கும் திரவம், ஒரு படமும் அச்சிடாவிடினும், ஒருநாளில் வலியிழந்துவிடும். இடையிற் புதுத்திரவம் ஊற்றுவதால் ஓரளவு நன்மை உண்டு. ஆயினும் சேர்ந்த புரோமைட்டு அகலுவதில்லை. நிறத்தைக் கொண்டு முடிவு செய்தலும் பிழை. சற்றே பழுப்பேறியது வேலை செய்தலும், தெளிந்திருப்பது புரோமைட்டு மிகுதியால் மெலிந்திருத்தலும் உண்டு.

உரு தோன்றத் தாமதித்தலே மெலிவின் முதற்குறி. அதனைக் கண்ட புதியவர், விளக்கொளியை மிகுதியாகப் பாய்ச்சிப் படத்தை விரைவில் வெளியே எடுத்துவிடுவர். செவ்வொளியிற் படம் உள்ளதினும் கருமையாகத் தோன்றுவதால் அவ்வாறு மயங்குவர். பகலொளியிற் பார்த்தாலோ கருமை சாம்பலாகவும், முகங்கள் அழுக்குற்றனவாகவும் இருக்கும்.

இதற்கு இரண்டு உபாயங்கள் உள. முதலாவது காலப்பெருக்கம். புதுத்திரவத்தில் நடுநிறமான ஓரிடம் 18 வினாடியில் தோன்றி, முழுத்துலக்கம் 90 வினாடியில் நிறைவுறுமாயின் பெருக்கெண் 5 ஆகும். பின்னர் அதேயிடம் 24 வினாடியிற் தோன்றின் 120 வினாடி வைத்தல் வேண்டும். தோன்றுங் காலம் இருமடங்காகுமுன் திரவத்தை மாற்றுவதே நலம். இரண்டாவது கருமைச் சோதனை. கடதாசித் துண்டொன்றை வெள்ளொளியில் நன்கு காட்டிப் புதுத்திரவத்தில் முழுக்காலமும் துலக்கி வைத்துக்கொள்க. பத்துப் படங்களுக்கு ஒருமுறை அவ்வாறே வேறொன்று செய்து, பகலொளியில் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுக. கருமை குன்றியிருப்பின் அத்திரவத்தை ஊற்றிவிடுக.

நம் நாட்டு வெப்பத்தில் 30 பாகைத் திரவம் மிக விரைந்து துலக்கும். விரைந்து கெடவுஞ் செய்யும். ஆதலின் குளிர்நீர் நிறைந்த பெரிய தட்டத்துள் சிறிய தட்டத்தை வைத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்பு மிக்கதாகையால் காபனேற்றுடன் சேர்ந்து வண்டல் படியும். கொதித்தாறிய நீரை வடித்து வழங்குக.

இக்காலத்தில் இருட்டறை எதற்கென வினவுவாரும் உளர். போரின் இடப்பெயர்வுகளிற் படத்தொகுப்புகளை இழந்த குடும்பங்கள் நம்மிடையே பல. எங்கோ தப்பிய நெகற்றிவ் ஒன்றே மறைந்த தந்தையின் முகத்துக்கோ ஆசிரியரின் முகத்துக்கோ எஞ்சிய சான்றாதலும் கூடும். அதனை அச்சிடும் மாணவர் மெலிந்த திரவத்தைச் சிக்கனமென்று காத்தல் சிக்கனமன்று. திரவம் மலிவு; கடதாசி அரிது; அம்முகமோ அதனினும் அரிது.