முதிய காவல் நாயின் சிறுநீர், சமிபாட்டுக் கோளாறுகள்

அக்கராயன் குளத்தின் கீழ் நெற்செய்கை பண்ணும் கமக்காரருக்கு நாய் நல்லதொரு காவற்றுணை. கதிர் முற்றும் காலத்தில், காட்டுப்பன்றி வயலில் இறங்குவதை முதலில் அறிந்து குரைப்பது அதுவே. அத்தகைய நாய்க்கு 8 அல்லது 9 வயதானதும், அது படுத்த சாக்கு விடியலில் நனைந்திருக்கலாம். விறாந்தையில் மலமும் கிடக்கலாம். உடனே அதனை அடிப்பதும், தண்ணீர்ச் சட்டியை அகற்றுவதும், ஈற்றில் தொலைவிற் கொண்டுபோய் விடுவதும் சிலரது வழக்கம். இம்மூன்றும் தவறாகும். பழகிய நாய் முதுமையில் வீட்டை நனைப்பது குறும்பன்று. பெரும்பாலும் நோயின் அறிகுறியே. அந்நோய்களுட் பல மருந்துக்குக் கட்டுப்படுவன.

சிறுநீரகம் தளர்ந்த நாயும் நீரிழிவுற்ற நாயும் மிகுதியாகக் குடித்து மிகுதியாகச் சிறுநீர் கழிக்கும். அவற்றுக்குத் தண்ணீரை மறித்தால், சோளகக் காலத்து வெயிலில் உடல் வறண்டு உயிருக்கே கேடு நேரும். கருத்தடை செய்யப்பட்ட பெட்டை நாய் உறக்கத்தில் அறியாமல் நனைக்குமாயின், சிறுநீர்வழித் தசை தளர்ந்திருக்கலாம்; இதற்குத் தக்க மாத்திரை உண்டு. கருத்தடை செய்யாத பெட்டை, பருவம் கழிந்து சில வாரங்களில் மிகுதியாகக் குடித்துச் சோர்ந்தால், கருப்பையிற் சீழ் கட்டியிருக்கக்கூடும், தாமதம் கூடாது. முதிய கடுவன் மலங்கழிக்க முக்குவது சுக்கிலச் சுரப்பி வீங்கியதாலும் ஆகலாம்.

நோயறிய நீரை அளப்பது எளிய வழி. ஒருநாள் நாயை முற்றத்திலேயே வைத்து, அளந்த நீரை வேண்டுமட்டும் கொடுத்து, மறுநாள் எஞ்சியதைக் கழித்துப் பார்க்க வேண்டும். 15 கிலோகிராம் நிறையுள்ள ஊர்நாய் நாளொன்றுக்கு 1 லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே குடிக்கும். 1½ லீற்றரைத் தாண்டின் அது நோய்க்குறியாகும். இக்கணக்கையும், காலைச் சிறுநீரைத் தூய போத்தலொன்றிலும் கொண்டு, அன்றே அரச கால்நடை வைத்தியரிடம் செல்லுதல் நன்று.

முதிய நாயின் குடல் கடின உணவைத் தாங்காது. எலும்பு மலச்சிக்கலை உண்டாக்கும். கறியிலுள்ள வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். உப்பும் உறைப்பும் ஆகா. கழிச்சல் கண்டால், குழைந்த சோற்றுடன் தோலும் எலும்பும் நீக்கி அவித்த கோழியிறைச்சியைச் சிறிது சிறிதாக நாளுக்கு 3 அல்லது 4 முறை கொடுக்கலாம். நீர் எப்போதும் அருகில் இருத்தல் வேண்டும்.

முக்கியும் சிறுநீர் வராவிடில் அன்றே வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். மலம் கறுத்தோ இரத்தத்துடனோ போயினும், வாந்தி ஒருநாளைக் கடந்தும் நில்லாவிடினும் தாமதித்தல் ஆகாது. மனிதருக்குரிய பரசிற்றமோல் போன்ற வலி மாத்திரைகளைக் கொடுத்தல் பெருந்தீங்கு.

எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீராலும் மனிதருக்குத் தொற்றும். சேற்றில் உழைப்பவரின் காலிற் புண்கள் இருப்பது இயல்பாதலின், நனைந்த இடத்தை வெறுங்காலுடன் மிதியாது, கையுறையணிந்து கழுவிப் பின் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும். நாய்க்கு இந்நோய்த் தடுப்பூசியும் உண்டு.

உறங்குமுன் ஒருமுறை, விடியலில் ஒருமுறை நாயை வெளியே விடுதலும், நனைந்த சாக்கை உடனே மாற்றுதலும் புண் வராமற் காக்கும். பல போகங்கள் வயலைக் காத்த பிராணிக்கு இவ்வளவேனும் செய்வது கமக்காரரின் கடனாகும்.