தராசும் தட்டும்

குழந்தை நன்றாக வளர்கிறதா என்று கேட்டால், நம் வீட்டுப் பெரியவர்கள் அதன் கன்னத்தைப் பார்த்து விடை சொல்வார்கள். கன்னம் உப்பியிருந்தால் ஆரோக்கியம், ஒட்டியிருந்தால் நோஞ்சான். பஞ்சத்தையும் பற்றாக்குறையையும் நெடுங்காலம் கண்ட நாட்டில் இத்தகைய அளவுகோல் தோன்றியதில் வியப்பில்லை. ஆயினும் அந்த அளவுகோல் இன்று இரு பக்கமும் நம்மை ஏமாற்றுகிறது. இந்த உண்மையை, மதுரையில் ஊட்டச்சத்துப் பயிற்சி மாணவியாக நான் இருந்த மூன்று மாதங்களில் அறிந்துகொண்டேன். நான் சரியாகச் செய்த வேலைகளைவிட, தவறாகச் செய்த ஒரு வேலையே எனக்கு மிகுதியாகக் கற்பித்தது.

காலையில் நகரத்துத் தொடக்கப் பள்ளி; பகலில் அங்கன்வாடி; வாரத்தில் ஒரு நாள் மேலூருக்கு அப்பால் கொட்டாம்பட்டி வட்டாரத்துக் கிராமங்கள். இதுவே எங்கள் பயிற்சியின் ஒழுங்கு. குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் அளப்பதும், அவர்கள் உண்பதைக் குறித்துக்கொள்வதும், தாய்மாரோடு உரையாடுவதும் எங்கள் கடமைகள். மெலிந்த பிள்ளைகளைத் தேடுவதோடு, அளவுக்கு மீறிப் பருத்துவரும் பிள்ளைகளையும் கண்டறியுமாறு எங்களைப் பணித்திருந்தார்கள்.

பள்ளிப் பிள்ளைக்கு உணவளிக்கும் அறம் நம் மாநிலத்துக்குப் புதிதன்று. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் அதனைத் தொடங்கியது. 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு மாநிலமெங்கும் பரவலாயிற்று. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமோ மதுரையிலேயே பிறந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று நெல்பேட்டையில் உள்ள ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் அது தொடங்கப்பட்டது. மறு ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்றாகக் காய்கறிச் சாம்பாருடன் சூடாகப் பரிமாறப்படுவதை நான் நாள்தோறும் கண்டேன். வெறும் வயிற்றோடு வந்து பத்து மணிக்குச் சோர்ந்து விழும் பிள்ளைகள் இன்று குறைந்திருக்கிறார்கள் என்று ஆசிரியர்கள் கூறினார்கள்.

இனி என் தவற்றைச் சொல்கிறேன்.

முதல் வாரத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடை பார்த்தேன். என் தோழி எழுத, நான் ஒவ்வொருவரின் பெயரையும் எடையையும் உரக்கக் கூறிக்கொண்டே வந்தேன். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தராசில் ஏறினான். உயரம் 128 சென்டிமீட்டர். எடை 30 கிலோ. நான் எண்ணைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. மறுநாள் காலை உணவு வேளையில் அவன் தட்டு அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் அவன் பள்ளிக்கே வரவில்லை. நோயைத் தடுக்கச் சென்ற நான், ஒரு குழந்தையைச் சோற்றுக்கும் படிப்புக்கும் அஞ்சும்படி செய்துவிட்டேன்.

அந்தச் சிறுவனின் எடை உண்மையில் மிகுதிதானா? எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீடு. அவனுக்கு அது 18.3. வளர்ந்த ஒருவருக்கு இந்த எண் இருந்தால் மெலிவு என்றே சொல்வோம். ஏனெனில் பெரியவர்களுக்குக் கீழ் எல்லை 18.5. எட்டு வயதுச் சிறுவனுக்கோ உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 17.4-க்கு மேற்பட்டாலே எடை மிகுதி; 19.7-க்கு மேற்பட்டால் உடற்பருமன். ஆதலின் பெரியவர்களின் எண்ணைக் கொண்டு குழந்தையை அளக்கலாகாது. வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். ஒரு நாள் எடையைவிட, மாதந்தோறும் அந்த எடை எத்திசையில் செல்கிறது என்பதே முக்கியமானது.

இந்த இரண்டாவது உண்மையை எனக்கு விளக்கியவர் கொட்டாம்பட்டிப் பக்கத்து மூதாட்டி ஒருவர். 1980-இல் உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, முதன்முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது கொட்டாம்பட்டி வட்டாரமே. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடாக இணைப்பார்கள். கோடு தளர்ந்த குழந்தைக்கு மட்டும் சத்துணவு அளிப்பார்கள். எடை தேறியதும் நிறுத்திவிடுவார்கள். உணவைக் காட்டிலும் தாய்க்கு அளிக்கும் அறிவுரையே அத்திட்டத்தின் உயிர்நிலையாக இருந்தது.

அத்திட்டத்தில் ஊழியராக இருந்த அந்த மூதாட்டியிடம் என் தவற்றைக் கூறினேன். "அன்னைக்கு நாங்க தராசைத் தூக்கிட்டுப் போனா, கண்ணு பட்டுரும்னு பிள்ளையை ஒளிச்சு வைப்பாக, தாயி. அப்புறந்தான் நாங்க எடையை வாய்விட்டுச் சொல்றதை விட்டோம். ஆத்தாகாரிகிட்ட மட்டும் கோட்டைக் காட்டுவோம். பிள்ளையை நிறுக்கலாம், பிள்ளைக்கு விலை போடக்கூடாது" என்றார். நூல்களில் நான் படிக்காத பாடம் அது.

மறுநாள் ஆசிரியையுடன் அச்சிறுவனின் வீட்டுக்குச் சென்றேன். தாய் தந்தை இருவரும் விடியலிலேயே வேலைக்குச் செல்பவர்கள். வீட்டில் பாட்டிதான் துணை. "குண்டா இருந்தா என்ன தாயி? நோஞ்சானா இருந்தாத்தானே குத்தம்?" என்று பாட்டி கேட்டார். அவர் மடியில் சிறுவனின் தங்கை இருந்தாள். இரண்டரை வயது, எடை 9 கிலோ 600 கிராம். அவ்வயதுப் பெண்குழந்தைக்குக் கீழ் எல்லை 10 கிலோ. ஒரே கூரையின் கீழ் அண்ணனுக்கு எடை மிகுதி, தங்கைக்கு எடைக் குறைவு!

காரணத்தைத் தேடி வெகுதூரம் செல்லவேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் அழாமல் இருக்கவேண்டும் என்று பெற்றோர் நாள்தோறும் கொடுத்துச் சென்ற காசு, தெருமுனைக் கடையில் பொரித்த தின்பண்டப் பொட்டலமாகவும் இனிப்புப் பானமாகவும் மாறியது. சிறிய வயிறு படைத்த தங்கை பொட்டலத்தைத் தின்று சோற்றை ஒதுக்கினாள். அண்ணன் பொட்டலத்தையும் தின்றான், சோற்றையும் உண்டான். ஒரே பொட்டலம் ஒருத்தியை மெலியச் செய்தது. ஒருவனைப் பருக்கச் செய்தது. மெலிவும் பருமனும் ஏழ்மைக்கும் செல்வத்துக்கும் உரிய தனித்தனி நோய்கள் என்று நான் எண்ணியிருந்தது பிழை. நல்ல உணவின் இடத்தைப் போலி உணவு பிடித்துக்கொண்டால் இரண்டும் ஒரு வாசல் வழியாகவே நுழைகின்றன.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. உலகெங்கும் 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் எடைக் குறைந்தவர்களைவிட உடற்பருமன் உடையவர்களின் விகிதம் மிகுந்துவிட்டது என்று 2025-இல் யுனிசெப் அறிக்கை தெரிவித்தது. நம் நாட்டிலோ 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 32 பேர் எடைக் குறைந்தவர்கள். பழைய துன்பம் விலகுமுன்னே புதிய துன்பம் வந்து சேர்ந்திருக்கிறது.

300 மில்லி இனிப்புப் பானத்தில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை இருக்கக்கூடும். நாளொன்றுக்கு 1,700 கலோரி தேவைப்படும் ஒரு சிறுவனுக்கு, சேர்க்கப்படும் சர்க்கரை ஏறத்தாழ 21 கிராமுக்குள் இருப்பதே உத்தமம். ஒரு புட்டியிலேயே அந்த எல்லை கடந்துவிடுகிறது. பள்ளிக்குள்ளும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கலாகாது என்று 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. ஐம்பத்தொன்றாவது மீட்டரைக் காக்கவேண்டியவர்கள் பெற்றோரே.

அச்சிறுவனுக்கு நாங்கள் பட்டினி வைத்தியம் எதனையும் கூறவில்லை. வளரும் பிள்ளையின் சோற்றைக் குறைப்பது தவறு. அவன் எடை சிறிது காலம் நிலைத்து நிற்க, உயரம் அதனை எட்டிப் பிடிக்கவேண்டும்; அதுவே வழி. பானத்துக்குப் பதில் தண்ணீரும் மோரும். பொட்டலத்துக்குப் பதில் அவித்த பயறு, வேர்க்கடலை, வாழைப்பழம். மாலையில் ஒரு மணி நேர ஓட்டமும் ஆட்டமும். இரவில் நேரத்தோடு உறக்கம். தங்கைக்கு அங்கன்வாடியின் சத்துமாவும் முட்டையும், அவற்றுக்கு முன் பொட்டலம் தராத உறுதியும். பாட்டிக்குக் கேப்பைக் கூழும் குதிரைவாலிச் சோறும் நன்கு தெரிந்தவையே. தாம் அறிந்த ஆகாரம் தாழ்ந்ததன்று என்று ஒருவர் சொல்லக் கேட்டதில் அவருக்கு மகிழ்ச்சி.

சிறுவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். பள்ளியில் எடை பார்க்கும் இடத்தில் ஒரு தட்டி கட்டினோம். எண்ணை எழுதினோம், உரைக்கவில்லை. அடுத்த வாரம் அவன் மற்றவர்களோடு அமர்ந்து பொங்கலை உண்டான். மூன்று மாத முடிவில் அவன் எடை 30 கிலோவாகவே இருந்தது. உயரம் ஒன்றரைச் சென்டிமீட்டர் கூடியிருந்தது. குறியீடு 17.9. எல்லைக்குள் வந்துவிட்டான் என்று சொல்ல இயலாது. திசை மாறியது என்று சொல்லலாம். தங்கையின் எடை 600 கிராம் ஏறியிருந்தது. அவள் அட்டையில் கோடு மேல்நோக்கித் திரும்பியிருந்தது.

நேயர்களே, தராசு ஒரு சாட்சியே அன்றி நீதிபதி அன்று. அது சொல்வதைக் கேட்டுத் தட்டைத் திருத்தவேண்டியவர்கள் நாம். உங்கள் வீட்டுக் குழந்தையைக் குண்டு என்றோ ஒல்லி என்றோ அழைக்குமுன், அதன் கையில் நாம் கொடுத்தது என்ன என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.