ஜீப் மட்டுமே ஏறும் மலை

மும்பை சுனாபட்டியில் தினமும் ஹார்பர் ரயில் ஏறும் எங்களுக்கு 12 கி.மீ. ஒரு தூரமே அல்ல. கொழுக்குமலையில் அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

தேனி மாவட்டத்தின் உச்சியில் இருக்கிறது இந்தத் தேயிலைத் தோட்டம். இடம் தமிழ்நாடு; வண்டிப் பாதையோ கேரளத்தில். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வளைவுகளில் ஏறி, எல்லை தாண்டி, சூரியநெல்லி போய்த்தான் மறுபடி தமிழ்நாட்டுக்குள் நுழைய வேண்டும். சூரியநெல்லிக்கு மேல் ஜீப்தான் கதி.

அதிகாலை 4 மணி. பாறைகளில் வண்டி குதிக்க, கம்பியைப் பிடித்த கை மரத்துப்போகிறது. டிரைவர் மட்டும் அலட்டிக்கொள்ளாமல் கியர் மாற்றுகிறார். உச்சியில் பழைய தேயிலைத் தொழிற்சாலை, கையில் சூடான டீ. விடியும்போது பள்ளத்தாக்கு முழுக்க மேகம்.

மேகம் விலகினால் கீழே குரங்கணிப் பக்கம் தெரிகிறது. நடந்தே இறங்கிவிடலாமே என்று ஆசை வருகிறது. 2018 மார்ச் 11 அன்று அப்படி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ வளைத்தது. சுற்றிலும் காய்ந்த புல், ஓட வழியில்லை. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் இளைஞர்கள். காட்டுப் பாதைகளில் வனத்துறையின் அனுமதி வெறும் காகிதமல்ல என்பதை நாடு அன்று உணர்ந்தது.

இறங்கும்போதும் அதே ஜீப், அதே பாறைகள். முதுகு நோகிறது என்று இந்த முறை எங்களில் யாரும் முணுமுணுக்கவில்லை.