விருந்தினரோடு பகிர ஒரு சூடான சீஸ் தட்டு

விருந்தினர் வந்ததும் நாம் அடுக்களைக்குள் மறைந்துவிடுகிறோம். அவர்களோடு அமர்ந்து பேசவும் இடம் தரும் சிற்றுண்டி ஒன்று கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரில் பிரபலம். பெயர் 'புயுர்தி'.

தேவையானவை:
ஃபெட்டா சீஸ் - 200 கிராம்
தக்காளி - 2
பச்சை மிளகாய் - 1
ஒலிவ் எண்ணெய் - 2 மேசைக்கரண்டி
ஒரிகானோ இலைத்தூள் - சிறிதளவு

செய்முறை:
சூடு தாங்கும் பாத்திரத்தில் தக்காளித் துண்டுகளைப் பரப்பி, மேலே சீஸை வையுங்கள். நறுக்கிய மிளகாயையும் ஒரிகானோவையும் தூவி எண்ணெயை ஊற்றுங்கள். ஃபெட்டா உப்புநீரில் ஊறியது; எனவே உப்புச் சேர்க்க வேண்டாம். இவ்வளவையும் முன்னரே செய்து மூடி வைக்கலாம்.

விருந்தினர் வந்ததும், 200 பாகை செல்சியசில் சூடாக்கிய போறணையில் 20 முதல் 25 நிமிடங்கள் வேகவிடுங்கள். அதுவரை நீங்களும் கூடத்தில் இருக்கலாம். ஆறினால் சீஸ் இறுகிவிடும். ஆகவே, பாத்திரத்தோடு நடுவில் வைத்து, பாண் துண்டுகளால் தொட்டுச் சூடாகவே உண்ணுங்கள்.

ஒரு கவனம்: பாலை உறையவைக்கும் 'ரெனெட்' கன்று, ஆட்டுக்குட்டி ஆகியவற்றின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படுகிறது. எனவே ஹலால் முத்திரையையோ, நுண்ணுயிர் ரெனெட் என்ற குறிப்பையோ பார்த்து வாங்குங்கள். விருந்தினரும் மனக்குறையின்றி உண்பார்கள்.