க்ராக்கோவிலிருந்து சென்னைக்கு

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என் ஊர். ராஜாஜி 1878-இல் பிறந்த வீடு அங்கே நினைவில்லமாக விளங்குகிறது. ஆதலால் எங்கள் பிள்ளைகளுக்குச் சட்டம் பயிலும் ஆசை எழுவது வியப்பன்று. அண்மையில் கல்லூரி மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். "ஐயா, லண்டனில் சட்டம் படித்துத் திரும்பினால் இங்கே பேராசிரியராகலாமா? அந்நாட்டுச் சட்டம் இங்கே பயன்படுமா?" என்று வினவினாள். அவளை அனுப்புவதற்காக நிலத்தை ஈடு வைக்க அவள் தந்தை எண்ணியிருந்தார். எனவே விளையாட்டாக விடை கூற இயலவில்லை.

விதிகளைச் சொல்வது எளிது. நீதிமன்றத்தில் வழக்காட விரும்பினால் அயல்நாட்டுப் பட்டத்தை இந்திய வழக்கறிஞர் மன்றம் அங்கீகரித்திருத்தல் வேண்டும். அது நடத்தும் தகுதித் தேர்விலும் தேறுதல் வேண்டும். கற்பிக்க விரும்புவோருக்கு முதுநிலைப் பட்டம், தேசியத் தகுதித் தேர்வு, ஆராய்ச்சிப் பட்டம் என வேறு வாயில்கள் உள்ளன. ஆனால் வாயிலைக் கடந்தவர் பிறகு எதைக் கற்பிப்பார்? அதற்கு நான் சொன்னது அலெக்ஸாந்த்ரோவிச் என்பாரின் கதை.

போலந்தின் க்ராக்கோவ் நகரில் சட்டம் பயின்றவர் அவர். போர்க்காலத்தில் லண்டனை அடைந்தார். 1951-இல், ஐம்பது வயதை நெருங்கிய நிலையில், சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வந்து சர்வதேசச் சட்டத்திற்கும் அரசியலமைப்புச் சட்டத்திற்குமான துறைக்குத் தலைமை ஏற்றார். 1952 முதல் சர்வதேச விவகாரங்களுக்கான ஆண்டு மலர் ஒன்றும் இங்கிருந்து வெளிவரலாயிற்று.

ஐரோப்பாவில் கற்றதையே அவர் ஒப்பித்திருக்கலாம். யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ பழைய உடன்படிக்கைகளைப் புரட்டினார். 1604-இல் கோழிக்கோட்டுச் சாமூத்திரியோடு டச்சுக்காரர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். இறையாண்மையற்றவரோடு எவரேனும் உடன்படிக்கை செய்வாரா? பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் ஆசிய அரசுகளைச் சர்வதேசச் சட்டத்தின் உறுப்பினராகவே ஐரோப்பியர் நடத்தினர். அவர்களை வெளியே நிறுத்தியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோட்பாடே என்று அவர் வாதிட்டார். அப்படியாயின் 1947-இல் நாம் பெற்றது புதிய தகுதியன்று, இழந்த தகுதியின் மீட்சி. இக்கருத்தை அனைவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒப்பந்தங்கள் வாணிபத் தேவைக்காக எழுந்தவை, பொதுச் சட்டத்தின் சான்றல்ல என்போரும் உண்டு. எனினும் கேள்வியைத் தவிர்க்க அவர்களாலும் முடியவில்லை.

1961-இல் அவர் சிட்னிக்குப் பெயர்ந்தார். கீழை நாடுகளில் சர்வதேசச் சட்டத்தின் வரலாற்றைக் கூறும் அவருடைய நூல் 1967-இல் வெளிவந்தது.

"அப்படியானால் புறப்படுமுன் இங்கே நான் எதைப் படிப்பது?" என்றாள் மாணவி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் எங்கள் எல்லைப் பகுதியின் பழைய நிலப் பத்திரங்களைப் பார் என்றேன். இப்போது விடுமுறை நாட்களில் தன் வீட்டுப் பத்திரத்தையே எழுத்துக்கூட்டி வாசித்து வருகிறாள். அதை ஈடு வைப்பதா என்பதைத் தந்தை இன்னும் முடிவு செய்யவில்லை.